வீடு தங்காதவள்

என் அம்மாவுக்கு வீட்டில் இருக்கப் பிடிக்காது. உயிரோடு இருந்தபோது இதைச் சொன்னால் அவளே சிரிப்பாள். இப்போது சொன்னால் உறவுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். கருமாதிக்கு அண்ணனின் சிநேகிதர்கள் வைத்த ஃபிளெக்ஸில் 'குடும்ப விளக்கே' என்று போட்டு, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கையும் சேர்த்திருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் அவள் தன்னை உருக்கிக்கொண்டு குடும்பத்தையும் ஊரையும் காப்பாற்றியதாகச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து அவள் எதையும் உருக்கிக்கொள்ளவில்லை. பொழுது சாய்ந்தால் அவளுக்கு வீட்டுக்குள் மூச்சு முட்டும். வெளியே போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. 1991-இல் அந்தக் காரணத்தை அரசாங்கமே வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. அதன் பெயர் அறிவொளி இயக்கம்.

இன்றைக்கு முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு அறிவொளி என்றால் ஏதோ தெருவிளக்குத் திட்டம் என்று தோன்றலாம். அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1988-இல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 15 முதல் 35 வயதுக்குள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நோக்கம். அதற்கு முன்பும் முதியோர் கல்வி என்று ஒன்று நடந்துகொண்டுதான் இருந்தது. அரிக்கேன் விளக்கு இருக்கும், வருகைப் பதிவேடு இருக்கும், பதிவேட்டில் பெயர்களும் இருக்கும். ஆட்கள் இருந்தார்களா என்று யாரும் கேட்டதில்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் வேறு வழியைக் காட்டியது. கலெக்டர் தலைமையில் அரசு அலுவலகங்களும் அறிவியல் இயக்கத்தாரும் ஆசிரியர்களும் சேர்ந்து, சம்பளமில்லாத தொண்டர்களைத் திரட்டி, மாவட்டம் முழுக்க ஒரே மூச்சில் பாடம் நடத்தினார்கள். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த வழிமுறைதான் தமிழ்நாட்டுக்கு அறிவொளி என்ற பெயரில் வந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அப்போது இங்கே பெண்களில் நூற்றுக்கு 51 பேருக்குத்தான் எழுத்து தெரியும்.

எங்கள் புதுக்கோட்டை, சமஸ்தானமாக இருந்து 1948-இல் இந்தியாவோடு சேர்ந்தது. 1974-இல்தான் தனி மாவட்டமானது. ஆறென்று சொல்லிக்கொள்ள வெள்ளாறு உண்டு, அதில் தண்ணீர் ஓடும் நாள் குறைவு. கண்மாயையும் மானத்தையும் நம்பித்தான் வெள்ளாமை. நிலமில்லாதவர்களுக்குக் கல்குவாரி. அறிவொளி வந்தபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அந்தப் பெயரை எங்கள் பக்கத்துப் பெண்கள் இன்றைக்கும் 'ஷீலாராணி அம்மா' என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள்.

அம்மா 1952-இல் அன்னவாசல் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். எட்டாவது வரை படித்தாள். அதற்குமேல் படிக்க வெளியூர் போக வேண்டும், பொம்பளைப் பிள்ளையை அனுப்ப முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். பதினெட்டில் கல்யாணம். அப்பாவுக்கு பஸ் நிறுத்தத்தில் டீக்கடை. கடைக்குக் காலையில் வரும் பேப்பர் ஊர் ஆம்பளைகள் கையெல்லாம் மாறி, வடை எண்ணெய் பட்டு, ஓரம் கிழிந்து, மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வரும். அம்மா அதை முதல் வரியிலிருந்து கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் அச்சக விலாசம் வரைக்கும் படிப்பாள். டெண்டர் விளம்பரத்தைக்கூட விட மாட்டாள். "பேப்பரத் தின்னா வயிறு நெறைஞ்சிருமா?" என்பாள் அப்பத்தா. அப்பாவைப் பெற்றவள், வீட்டின் நிர்வாகி.

அறிவொளிக் கலைக்குழு ஒருநாள் சாயங்காலம் மந்தையில் வந்து பறை அடித்தது. பாட்டுப் பாடினார்கள். கைநாட்டு வைத்து நிலத்தைத் தொலைத்தவன் கதையை நாடகமாகப் போட்டார்கள். கடைசியில், படித்தவர்கள் யாராவது பாடம் சொல்லிக்கொடுக்க முன்வர வேண்டும், சம்பளம் கிடையாது என்று அறிவித்தார்கள். ஆம்பளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அப்பா கடையில் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. ராத்திரி வந்து விஷயம் தெரிந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "போறதுன்னா போ. கடை பெட்ரோமாக்ஸைத் தூக்கிட்டுப் போயிராத. மேண்டில் விக்கிற வெலைக்கு..."

அவள் பெட்ரோமாக்ஸைத்தான் தூக்கிக்கொண்டு போனாள்.

தொண்டர் ஒருவருக்குக் கற்போர் பத்துப் பேர் என்பது இயக்கத்தின் கணக்கு. மூன்று பாடப்புத்தகங்கள், ஏறக்குறைய 200 மணி நேரப் படிப்பு. முடிவில் ஒருவர் நிமிடத்துக்கு முப்பது சொல் வாசிக்க வேண்டும், நூறு வரை எண்களை எழுதவும் படிக்கவும் வேண்டும், சின்னச் சின்னக் கணக்குப் போட வேண்டும். காகிதத்தில் பார்த்தால் ஆறேழு மாதத்து வேலை. பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு வந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டு, சட்டி பானை கழுவி, எட்டரை மணிக்குச் சிலேட்டுடன் உட்காருகிறவளுக்கு அந்த 200 மணி நேரம் எங்கிருந்து வரும் என்று காகிதத்தில் எழுதியிருக்காது.

அம்மாவின் வகுப்பில் பதினொரு பேர். எல்லோரும் காலனிப் பெண்கள். முதலில் மாரியம்மன் கோயில் திண்ணையில்தான் வகுப்பு வைக்க நினைத்தாளாம். இடம் இருந்தது, லைட்டும் இருந்தது. காலனிப் பெண்கள் அங்கே வந்து உட்கார முடியாது என்பது எங்கள் ஊரில் எழுதி வைக்காத சட்டம். தெருப் பெண்கள் காலனிக்குப் போய்ப் படிக்க மாட்டார்கள். இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. அவள் காலனியை எடுத்தாள். கொள்கைக்காக எடுத்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் சொன்ன காரணம் வேறு: "நம்ம தெருவுல நடத்துனா அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க உங்க அப்பத்தா ஆள் அனுப்பிக்கிட்டே இருக்கும்."

வகுப்பு தொகுப்பு வீடுகளில் ஒன்றின் முன்னால் நடந்தது. முடித்துவிட்டு அம்மா பத்தரைக்குத் திரும்பும்போது அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். மார்கழியிலும் அப்படித்தான். அம்மா சண்டை போடவில்லை, குளித்தாள். தை பிறந்து ஒருநாள், குளிக்காமல் நேரே அடுப்படிக்குப் போனாள். அப்பத்தா கத்தினாள். மறுநாளும் அம்மா அப்படியே போனாள். ஒரு வாரம் கத்திப் பார்த்துவிட்டு, அப்பத்தா தன் தண்ணீர்ச் சொம்பை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் சாகும்வரை அந்தச் சொம்பு தனியாகத்தான் இருந்தது. அறிவொளியால் ஊரே மாறியது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொம்பு ஞாபகம் வரும்.

கற்போர் எல்லோரும் சம்மட்டி பிடித்த கைக்காரிகள். பலப்பத்தையும் அதே பிடியாகப் பிடித்து அழுத்துவார்கள். மடக்கென்று ஒடியும். ஒடித்துவிட்டோமே என்று பயந்து துண்டை மடியில் ஒளித்துக்கொள்வார்கள். அம்மா கொஞ்ச நாள் பலப்பமே கொடுக்கவில்லை. தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தாள். மேற்பார்வைக்கு வந்த கருத்தாளர் ஒருவர், இது அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூட முறையாச்சே என்றாராம். "பழசோ புதுசோ, எழுத்து விழுதா பாருங்க சார்" என்றாளாம் இவள்.

அவள் அ, ஆ என்று தொடங்கியதில்லை. வளர்ந்தவர்களுக்கு எழுத்திலிருந்து சொல்லுக்குப் போவதைவிட, அவர்கள் அன்றாடம் புழங்கும் சொல்லிலிருந்து எழுத்துக்கு வருவதே நல்லது என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1960-களில் தன் ஊர்க் கூலிக்காரர்களிடம் செய்து பார்த்த வழி. அம்மாவுக்கு ஃபிரெய்ரேயைத் தெரியாது, பட்டாவைத் தெரியும். அவள் எழுதிப்போட்ட முதல் சொற்களில் ஒன்று அது. ப, ட், டா. வாசித்து முடித்ததும் கேட்பாள்: "இங்க யாரு வீட்டுக்குப் பட்டா இருக்கு?" யாருக்கும் இல்லை. அன்றைக்கு அதற்குமேல் பாடம் ஓடாது. எப்போது யார் போய்க் கேட்டார்கள், எந்த அதிகாரி என்ன சொல்லி விரட்டினார், யார் மாமனார் எவ்வளவு கொடுத்து ஏமாந்தார் என்று பேச்சாகவே போகும். அம்மா நிறுத்த மாட்டாள். அந்தப் பேச்சுக்காகத்தான் அவள் வீட்டிலிருந்து கிளம்பியதே.

பட்டாவுக்குப் பிறகு 'மனு'. அதற்குப் பிறகு அவரவர் பெயர். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் அவர்கள் கொடுத்த மனுவின் நகல் ஒன்று வெகுநாள் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு திசையில் சாய்ந்திருக்கும். இரண்டு பேர் கடைசி நேரத்தில் கை நடுங்கிக் கைநாட்டு வைத்துவிட்டார்கள். பட்டா கிடைத்தது. ஏழெட்டு வருசம் கழித்து, வேறொரு மனுவுக்கு.

எழுத்தின் தேவையை அவர்களுக்கு உறைக்க வைத்தது என் அம்மாவின் பாடத்தைவிடக் குவாரிதான் என்று நினைக்கிறேன். அந்தச் சமயத்தில் மாவட்டத்தில் பல கல்குவாரிகளை கான்ட்ராக்டர்களுக்கு விடாமல், அங்கே கல் உடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். கூலிக்காரிக்குக் கணக்கு எழுதத் தேவையில்லை. குத்தகைக்காரிக்கு எத்தனை லோடு போனது, யார் பாக்கி என்று தெரிந்தாக வேண்டும். அந்த வருசம் குவாரிக் குழுவில் இருந்தவர்கள்தான் வகுப்பில் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

சைக்கிளைப் பற்றிச் சொல்லாமல் புதுக்கோட்டை அறிவொளியைப் பற்றி எழுத முடியாது. கூட்டம், பயிற்சி, தேர்வு என்று தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. பஸ் எங்கள் ஊருக்கு நினைத்தால் வரும். சைக்கிள் ஓட்டுவதையும் எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே கலெக்டர் சேர்த்துவிட்டார். வாங்க விரும்பிய பெண்களுக்கு வங்கிக் கடன் ஏற்பாடானது. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி, பலர் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். நடுவில் பார் இருப்பதால் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அறிவொளித் தொண்டரான முத்து பாஸ்கரன், சைக்கிள் கற்கச் சொல்லித் தங்கச்சிக்கு ஒரு பாட்டு எழுதினார். அது மாவட்டம் முழுக்கப் பரவியது.

அம்மா கற்றுக்கொண்டது முப்பத்தொன்பது வயதில். வாடகை சைக்கிள். சொல்லிக்கொடுத்தவன் பதினாலு வயது அண்ணன். பள்ளிக்கூடப் பையன்கள் பார்த்துவிடக் கூடாதென்று அவன் வெளிச்சம் போன பிறகுதான் கண்மாய்க் கரைக்கு வருவான். நான் பின்னால் ஓடுவேன். சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு அவள் ஏறி உட்காரும்போது, அண்ணன் கேரியரைப் பிடித்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். விழுந்தாள். முழங்கையில் தழும்பு கடைசிவரை இருந்தது. டீக்கடையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அப்பா வீட்டில் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் கடையில் ஒருத்தர் சட்டைக் காலரை அவர் பிடித்ததாகவும், அதன் பிறகு அந்த ஆள் வேறு கடையில் டீ குடித்ததாகவும் அண்ணன் சொல்வான்.

1992 மகளிர் தினத்தில் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500 பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். அம்மாவும் போனாள். முந்தானை செயினில் மாட்டி, கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இருந்த இரண்டு நல்ல சேலையில் ஒன்று போச்சு என்று அப்பத்தா ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்தச் சைக்கிள் புரட்சியைத் தேடி வந்து பார்த்தார். கிராமத்துப் பெண்கள் லட்சம் பேருக்கு மேல் ஓட்டக் கற்றதாக எழுதினார். 1996-இல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில் அது ஒரு கட்டுரையாக இருக்கிறது.

இதெல்லாம் ஊருக்கு. வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

பதினொரு வயதில் நான் சோறு வடிக்கப் பழகினேன். அண்ணன் பத்தாவதில் கணக்கில் போனான். அம்மா ஊரார் வீட்டுப் பெண்களுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வருசம் அது. நான் வயசுக்கு வந்த அன்றைக்கு அவள் டவுனில் பயிற்சி முகாமில் இருந்தாள். ஆள் அனுப்ப வழியில்லை. அப்பத்தாதான் என்னைத் தாழ்வாரத்து மூலையில் உட்கார வைத்து, உலக்கையைக் குறுக்கே போட்டு, அத்தைமார்களுக்குச் சொல்லிவிட்டாள். மறுநாள் மத்தியானம் அம்மா வந்தாள். நான் அவளோடு பேசவில்லை. சமாதானமாக இரண்டு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பைக்குள்ளிருந்து சிலேட்டை எடுத்து, என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கர்ப்பப்பையை வரைந்தாள். இது இது, இதுக்கு இரண்டு பக்கமும் இப்படி, மாசாமாசம் இப்படி நடக்கும் என்று அத்தைகள் முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தாள். அப்பத்தா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அத்தைகள் போகவில்லை. கிட்டே வந்து பார்த்தார்கள். சின்ன அத்தை, மூன்று பிள்ளை பெற்றவள், "அப்ப இதாண்ணி அது?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் அன்றைக்கும் தீரவில்லை, அதற்குப் பிறகும் ரொம்ப நாள் தீரவில்லை. அவள் எங்களை நேசித்தாளா என்றால், நேசித்தாள். என்னை நர்சிங் படிக்க அனுப்பத் தோட்டை அடகு வைத்து, மீட்க முடியாமல் போய், பிறகு கடைசிவரை கவரிங் தோடுதான் போட்டுக்கொண்டாள். அண்ணனை மறுபடி பரீட்சை எழுத வைத்து, மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பம் வாங்கிவந்து பூர்த்தி செய்ததும் அவள்தான். ஆனால் அந்தச் சாயங்காலங்கள் எங்களுடையவை அல்ல. அவை எங்களுக்காக அவள் விட்டுக்கொடுத்தவையும் அல்ல. வகுப்பு முடிந்து திரும்பும்போது அவள் முகத்தில் இருந்த தெளிச்சியை நான் வீட்டில் வேறு எந்த நேரத்திலும் பார்த்ததில்லை. கருமாதியில் தியாகம் தியாகம் என்று பேசியவர்களில் ஒருவர்கூட அந்த முகத்தைச் சொல்லவில்லை.

அறிவொளியின் வேகம் ஒன்றிரண்டு வருசம்தான். தேர்வு நடந்தது, விழா நடந்தது, தொண்டர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதிகாரிகள் மாறினார்கள். தொடர்கல்வி என்று பெயர் வைத்து ஏதேதோ நடந்தது, மெல்லத் தேய்ந்தது. புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்குப் படிக்க ஏதாவது கைக்கு எட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறந்துபோகும். பேப்பரின் எழுத்து பொடி, வாக்கியம் நீளம். நூலகம் பஸ் ஏறிப் போகிற தூரத்தில். அம்மா அப்பாவின் கடையில் முந்தின நாள் பேப்பர்களைச் சேர்த்து வைத்துத் தலைப்புகளை மட்டும் வெட்டிக் காலனிக்குக் கொண்டுபோவாள். எத்தனை நாள்தான் முடியும்? தன் பதினொரு பேரில் கடைசிவரை சரளமாகப் படித்தவர்கள் நாலு பேர் என்று அவளே சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழும். தன்னால்தான் ஆகவில்லை என்று நினைத்தாள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதை ஒரு திருவிழாவாக நடத்திவிட்டுப் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனவர்களைத்தான் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் உண்டு. எழுத்தை மறந்தவர்களும் சைக்கிளை மறக்கவில்லை, கலெக்டர் ஆபீசுக்குப் போகும் வழியையும் மறக்கவில்லை.

1995-இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் நாடு முழுக்கத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை, பெண் தொண்டர்கள் தேவை என்றதும் அம்மாவுக்கு மறுபடி ஒரு காரணம் கிடைத்தது. எங்கள் டீக்கடை பெஞ்சுதான் முகாம். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு சொட்டு, இடது கைச் சுண்டுவிரலில் மை. பஸ்ஸை நிறுத்தி ஏறி, மடியில் பிள்ளை வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடிப்பாள். பின்னாளில் மருந்துக் குப்பியின் மேல் ஒரு குறி வந்தது. வட்டத்துக்குள் சின்னச் சதுரம். மருந்து சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு அது வந்துவிட்டால் அந்தக் குப்பியைக் கொடுக்கக் கூடாது. நான் நர்ஸாகி வேலைக்குப் போன பிறகும் விடுமுறையில் வந்தால் எனக்கே இதைப் பாடம் நடத்துவாள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் புதிதாக ஒரு பிள்ளைக்கும் காட்டு வைரஸால் போலியோ வரவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு எனக்கு போன் செய்தாள். "இனிமே ஞாயித்துக்கெழம என்ன செய்யிறது?" முகாம் நிற்காது, தொடர்ந்து நடக்கும் என்று சொன்னபோதுதான் நிம்மதியானாள்.

பேரப்பிள்ளைகளிடம் அவள் எப்படி இருந்தாள் என்று என் மகளைக் கேட்டால், "அம்மாச்சி கதையே சொல்லாது, கேள்விதான் கேக்கும்" என்பாள். திருச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தால் நாலு நாளுக்கு மேல் தங்கியதில்லை. அந்த நாலு நாளில் எங்கள் அபார்ட்மென்டின் வாட்ச்மேன் மனைவிக்குக் கேஸ் இணைப்பு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருப்பாள். பேரன் பேத்திகளுக்கு முறுக்கு சுட்டுக் கொண்டுவருவாள். சுடுவது அவளல்ல, காலனியிலிருந்து ஒரு மாணவி. இவளுக்கு முறுக்கு வராது.

டெல்லியில் கேந்திரிய வித்யாலயாவில் படித்த அண்ணன் மகளுக்கு எட்டாவது வகுப்பு இந்திப் பாடநூலில் ஒரு பாடம் வந்தது. சாய்நாத்தின் அதே சைக்கிள் கட்டுரையின் இந்தி வடிவம். புடுகோட்டை என்று பார்த்ததும் அவள் போன் போட்டாள். நான் அப்போது ஊரில் இருந்தேன். போனை ஸ்பீக்கரில் வைத்து, பேத்தி இந்தியில் ஒரு வரி படிப்பாள், தமிழில் சொல்வாள். அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். பாட்டைப் பற்றிய இடம் வந்தது. "பாட்டு இந்தியிலயா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பிறகு முழுப் பாட்டையும் தமிழில் பாடிக் காட்டினாள். சுருதி சேராது அவளுக்கு. பரீட்சைக்கு என்ன கேள்வி வரும் என்று கேட்டாள். பெண்களுக்குச் சைக்கிள் எப்படிச் சுதந்திரம் தந்தது என்று விளக்க வேண்டும் என்றாள் பேத்தி. "அதுல என்ன வெளக்கம்? பஸ்ஸுக்குக் காத்துக்கெடக்க வேணாம்னு எழுது. ஒத்த வரி போதும்." பேத்தி அப்படி எழுதவில்லை. நல்ல மார்க் வாங்கினாள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. எங்கள் மாவட்டத்தில் தென்னையும் பலாவும் வேரோடு போயின. கரண்ட் பல ஊர்களில் வாரக்கணக்கில் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டருக்கு அலைந்தார்கள். மெழுகுவர்த்திக்குத் தட்டுப்பாடு. நான் வழியெல்லாம் மரம் வெட்டக் காத்திருந்து ஊர் போய்ச் சேர்ந்தபோது, வீட்டில் அவள் இல்லை. காலனியில் கூரை போன வீடுகளின் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதியது அம்மா அல்ல, அவளுடைய அந்த நாலு பேரில் ஒருத்தி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விஏஓ வந்து கேட்டால் கொடுக்க ஒரு நகல், இவர்கள் வைத்துக்கொள்ள ஒரு நகல். "நகல் இல்லாம எதையும் குடுக்காத" என்பது அவளுடைய பழைய பாடம்.

கடைசியாக அவள் செய்த வேலை, 2023-இல் மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பியது. மாதம் ஆயிரம் ரூபாய், அந்த செப்டம்பரில் தொடங்கியது. முகாம் நடந்த நாட்களில் காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. திருச்சிக்கு வந்து டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். ஃபாரம் முடியட்டும் என்றாள். 2024 தை மாதத்தில் ஒரு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது சாய்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது காலனியிலிருந்து எனக்கு போன் வருகிறது. வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ் எல்லாம் இங்கிலீஷ். முப்பது வருசத்துக்கு முன்னால் மணலில் விரலால் எழுதிப் படித்த தமிழ் அதற்கு உதவாது. பேரன்களிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்வார்கள், நான் டியூட்டிக்கு நடுவில் பார்த்துச் சொல்வேன். சமீபத்தில் ஒரு அக்கா கூப்பிட்டார். முறுக்கு சுடும் அக்காதான். எஸ்எம்எஸ் வந்திருக்கிறது என்றார். ஆயிரம் ரூபாய் ஏறியிருக்கிறது அக்கா, கவலைப்படாதீங்க என்றேன், பாதி அவசரத்தில்.

"ஆயிரம் வந்தது எனக்கே தெரியுது. நம்பரு படிக்க உங்கம்மா சொல்லிக் குடுத்திருக்கு. அதுக்குக் கீழ இன்னொண்ணு வந்திருக்குல்ல, நூத்திச் சொச்சம். அது என்னான்னு கேட்டேன்."

மறுபடி பார்த்தேன். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி பிடித்துக்கொண்ட தொகை.

"யாரைக் கேட்டுப் புடிச்சாய்ங்க?" என்றார் அக்கா. "இப்புடி இங்க ஆறு பேருக்குப் போயிருக்கு. நீ ஞாயித்துக்கெழம வாறப்ப வெள்ளத்தாள் வாங்கிட்டு வா தாயி. மனுவ நீ எழுது, பெறகு நாங்க படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறோம். நகல் ரெண்டு எடுக்கணும், கார்பன் தாளும் வாங்கிக்க."